மனம் சோர்ந்திருக்கும்போது உடற்பயிற்சியைத் தொடங்குவதும் விடாமல் தொடர்வதும்: முழுமையான வழிகாட்டி

"கொஞ்சம் நடந்துவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சோர்ந்திருப்பவரிடம் சொல்வது எளிது. நடந்தால் நல்லது என்பது அவருக்கும் தெரியும். எழுந்து காலணியை மாட்ட வேண்டிய இடத்தில்தான் அவர் நின்றுபோகிறார். இந்த வழிகாட்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்கானது.

சோர்ந்த மனத்தோடு பயிற்சியைத் தொடங்கியவர்கள் பலரோடு நான் நடந்திருக்கிறேன். பாதியில் நின்றவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் சோம்பேறி என்று ஒருவரைக்கூடச் சொல்ல மாட்டேன். வரிசைதான் தவறியது: முதலில் பெரிய இலக்கு, அடுத்து உற்சாகத்துக்கான காத்திருப்பு, கடைசியில் குற்ற உணர்வு. கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் ஆறு படிகளில் உடற்பயிற்சியே வராது. ஆனாலும் அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. உடம்பையும் மருந்தையும் முதலில் சரிபாருங்கள்

மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு உடம்பிலிருந்து வரலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 போதாமல் போனாலும் எழுந்து நிற்கவே விடாத அசதி வரும். ரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் தொடங்குபவர் மாதக்கணக்கில் தன் மன உறுதியைத் திட்டிக்கொண்டிருப்பார். குறை அங்கே இருக்காது.

மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளால் சட்டென்று எழும்போது தலைசுற்றும். சில மாத்திரைகள் வியர்வையைக் கூட்டும். லித்தியம் எடுப்பவர்களின் உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அது ஆபத்தானது. பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்து வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்க முடியாது. "நடக்கத் தொடங்கப் போகிறேன். இந்த மருந்தோடு எதைக் கவனிக்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

சோர்வு நாள்தோறும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, உணவையும் தூக்கத்தையும் வேலையையும் குலைத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. உடற்பயிற்சி அந்தச் சிகிச்சைக்குத் துணையாக நிற்கும். அதன் இடத்தை எடுத்துக்கொள்ளாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர், மருத்துவர், அவசர உதவி எண், யாராக இருந்தாலும் சரி. பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டதற்குத் தண்டனையாக உடம்பை வருத்திக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்தப் படிகள் உங்களுக்குப் பொருந்தாது. மருத்துவரின் துணையோடு மட்டுமே தொடங்குங்கள்.

2. "மனம் வரட்டும்" என்று காத்திருப்பதை விடுங்கள்

உற்சாகம் வந்தபிறகு செயல் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நல்ல மனநிலையில் அது பெரும்பாலும் நடக்கும். சோர்வில் நடக்காது, ஏனென்றால் ஆசையும் ஆர்வமும் வற்றிப்போவது சோர்வின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. இல்லாத ஒன்று வரும்வரை காத்திருந்தால் நாட்கள்தான் போகும்.

பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதை ஒரு சுழலாக விளக்கினார். சோர்ந்தவர் தன் செயல்களைக் குறைத்துக்கொள்கிறார். செயல் குறையும்போது மனத்துக்கு இதம் தரும் அனுபவங்களும் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது, செயல் மேலும் குறைகிறது. மனநிலை மாறும்வரை பொறுத்திராமல், செயலை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யவைத்து இந்தச் சுழலை உடைக்கும் சிகிச்சை முறை இதிலிருந்து வளர்ந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதில் மனிதர்கள் தவறுகிறார்கள். கனடாவில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் பயிற்சிக்கு முன் எதிர்பார்த்ததைவிட அதை அதிகமாக அனுபவித்துச் செய்திருந்தார்கள். எதிர்பார்க்கும்போது கவனம் தொடக்க நிமிடங்களின் சிரமத்திலேயே நின்றுவிடுவதுதான் காரணம். இது பொதுவானவர்களிடம் செய்த ஆய்வு. சோர்ந்த மனம் இதைவிடவும் இருட்டாகக் கணிக்கும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். காய்ச்சல்காரரின் நாக்குக்கு எல்லாம் கசக்கும். அதை நம்பிச் சமையலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. "இன்று நடந்து ஒன்றும் ஆகப்போவதில்லை" என்று மனம் சொல்வதையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே "செய்யத் தோன்றுகிறதா?" என்ற கேள்வியை உங்களிடமே கேட்காதீர்கள். விடை தெரிந்ததுதான்.

3. ஒரு வாரம் உங்கள் நாளைக் கவனியுங்கள்

இந்த வாரம் பயிற்சி வேண்டாம். எழுந்தபின், நண்பகல், மாலை, படுக்கைக்கு முன் என்று நான்கு முறை உங்கள் தெம்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். 0 என்றால் அசையவே முடியவில்லை.

நாளின் எந்த நேரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தேவலாம் என்று கண்டுபிடிப்பதற்காகவே இது. மனச்சோர்வில் பலருக்குக் காலைதான் மிகக் கனமான நேரம். பொழுது ஏற ஏறச் சிறிது இளகும். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் அதிகமாகச் சறுக்குகிறார்கள். உடற்பயிற்சி என்றாலே விடியற்காலை என்று முடிவுகட்டி, தங்கள் மிக மோசமான நேரத்தில் மிகக் கடினமான வேலையை வைத்துவிடுகிறார்கள். அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தபின் அன்று முழுவதும் தோற்றுவிட்ட நினைப்பு தொடர்கிறது. மாலை நான்கு மணிக்குத்தான் உங்களுக்கு 4 வருகிறது என்றால், உங்கள் நேரம் மாலை நான்கு மணி.

எல்லா நேரமும் ஒரே எண்ணாக இருந்தால் வெளிச்சம் உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பகல் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சீராக்கி இரவுத் தூக்கத்துக்கும் உதவும்.

4. மிக மோசமான நாளுக்கான அளவை முதலில் முடிவுசெய்யுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் நல்ல நாளில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். தினமும் முக்கால் மணி நேரம், வாரம் ஆறு நாள். நல்ல நாளில் எழுதிய திட்டம் கெட்ட நாளைத் தாங்காது. உங்களுக்கோ கெட்ட நாட்கள்தான் அதிகம். அளவு அந்த நாட்களுக்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு வாய்த்த மிக மோசமான நாளை நினைத்துப் பாருங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அளவை அன்றும் செய்திருக்க முடியுமா? முடியும் என்று தயங்காமல் சொல்ல முடிகிற அளவுதான் உங்கள் குறைந்தபட்சம். ஒரு நொடி தயங்கினாலும் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்து நிமிட நடை பலருக்குச் சரியாக இருக்கும். இன்னும் பலருக்கு அதுவே பெரிது. அவர்கள் வாசல் வரை போய்த் திரும்பலாம், சுவரில் கை ஊன்றி ஐந்து முறை தள்ளலாம், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரலாம். படுக்கையை விட்டே எழ முடியாத நாட்களுக்கு இன்னொரு படி கீழே வையுங்கள்: எழுந்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, பத்து முறை நிதானமாக மூச்சு விடுவது. அதுவும் அன்றைய கணக்கில் சேரும்.

"இவ்வளவு சிறியதைச் செய்து என்ன பயன்?" என்று கேட்காதவர் யாருமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அதே வழிகாட்டுதல், ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடச் சிறிதளவு செய்வதும் மேல் என்பதையும் அழுத்திச் சொல்கிறது. இயக்கம் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று 2010இல் இருந்த நிபந்தனை 2020இல் கைவிடப்பட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் வரும்.

ஆனால் முதல் மாதங்களில் நீங்கள் உடம்பைக் கட்டமைக்கவில்லை. "செய்வேன் என்றேன், செய்தேன்" என்ற நம்பிக்கையை மீட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சோர்வு முதலில் பறிப்பது அதைத்தான்.

உச்ச வரம்பும் வையுங்கள். முதல் மூன்று வாரங்களில் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் பரிந்துரை. திடீரென்று தெம்பு வரும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, மறுநாள் தசை வலியில் படுத்து, அதோடு விட்டவர்கள் பலர். பழகாத பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும். தெம்பான ஒரே நாள் அந்த மூன்று நாட்களையும் தின்றுவிடும்.

5. முந்தைய நாளே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்

சோர்வில் முடிவெடுப்பதே பாரம். எந்த உடை, எந்தப் பக்கம் போவது, சாவி எங்கே என்று ஒவ்வொன்றாக எழும் கேள்விகளில் ஏதோ ஒன்றில் நீங்கள் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். ஆகவே தெம்பு சற்று இருக்கும் நேரத்தில் அத்தனை முடிவுகளையும் எடுத்து முடித்துவிடுங்கள்.

உடையும் காலணியும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். சாவி காலணிக்குள். தண்ணீர் பாட்டில் கதவருகே. நடக்கும் பாதை ஒன்றே ஒன்று, தினமும் அதே பாதை. வெளியே போக முடியாத நாளுக்கு வீட்டுக்குள் செய்யும் மாற்றுப் பயிற்சியையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். வீட்டு உடையிலேயே நடக்கலாம் என்றால் உடை மாற்றும் வேலையையே நீக்கிவிடலாம்.

புதிய கருவியோ ஜிம் உறுப்பினர் அட்டையோ இந்தக் கட்டத்தில் வாங்காதீர்கள். வாங்கிய அன்று கிடைக்கும் நிறைவு பயிற்சியே செய்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும். பிறகு தூசி படியும் கருவி தினமும் உங்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

6. ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு கட்டிவையுங்கள்

"நாளை நடப்பேன்" என்பது விருப்பம். "மாலையில் முகம் கழுவியதும் காலணி மாட்டுவேன்" என்பது திட்டம். எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த எண்ணங்கள் வெறும் விருப்பத்தைவிட அதிகமாக நிறைவேறுகின்றன என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் தொகுத்துக் காட்டினார். அந்தச் சூழல் வந்ததுமே செயல் நினைவுக்கு வந்துவிடும். மனத்தோடு மல்லுக்கட்டும் தேவை குறையும்.

நீங்கள் எவ்வளவு சோர்ந்தாலும் தவறாமல் செய்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பல் துலக்குவதையே விட்டுவிடும் நாட்கள் உங்களுக்கு உண்டென்றால் அதோடு கட்டாதீர்கள். கழிவறை போய்வருவது எந்த நாளிலும் நிற்காது, அதோடு கட்டலாம்.

தடைகளுக்கும் இதே வடிவத்தில் எழுதுங்கள். "மழை பெய்தால் வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சி செய்வேன்." "படுத்தே கிடந்தால் கால்களை மட்டும் தரையில் ஊன்றுவேன்." "நாளைக்குச் சேர்த்துச் செய்யலாம் என்று தோன்றினால் வாசல் வரை மட்டும் போவேன்." கையால் எழுதி ஒட்டிவையுங்கள். தலைக்குள் வைத்திருந்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

7. முதல் ஐந்து நிமிடங்களைக் கடப்பது

நேரம் வந்ததும் மனத்தோடு விவாதிக்காதீர்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று மனம் சொன்னால் சொல்லட்டும். கை காலணியை எடுக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

மிக மெதுவாகத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் நிற்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கத் தோன்றினால் நிஜமாகவே நின்றுவிடுங்கள். இந்த அனுமதி போலியாக இருக்கக் கூடாது. "ஐந்து நிமிடம்தான்" என்று ஆசைகாட்டி ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் இழுத்தால், அடுத்த வாரம் உங்கள் சொல்லை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு அதுவே அளவுகோல். முதல் வாரங்களில் பாடும் அளவுக்கு மெதுவாகப் போனாலும் தவறில்லை. நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

பதற்றத் தாக்குதல் வருபவர்களுக்கு ஒரு சொல்: வேகமான துடிப்பு, வியர்வை, மூச்சு வாங்குதல் ஆகியவை பயிற்சியிலும் வரும், பதற்றத்திலும் வரும். உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். மருத்துவர் இதயத்தைச் சோதித்துச் சரி என்று சொன்னபின், துடிப்பு மெல்ல ஏறுவதையும் நின்றதும் தானாக இறங்குவதையும் கவனித்துப் பழகுங்கள்.

8. முன்னும் பின்னும் எண் போடுங்கள்

தொடங்கும் முன் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். முடித்துப் பத்து நிமிடம் கழித்து இன்னோர் எண். வேறெதுவும் எழுத வேண்டாம்.

சோர்ந்த மனம் கெட்டதை எளிதாக நினைவில் வைக்கும், நல்லதை நழுவவிடும். நேற்று 2ஆக இருந்தது 3 ஆனது என்பது இன்று நினைவில் இருக்காது. தாளில் இருந்தால் அதை மறுக்க முடியாது. எண் ஏறாத நாட்களும் இருக்கும், இறங்கிய நாட்களும் இருக்கும். ஒரு நாளை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். மூன்று வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

எடையையும் கலோரியையும் இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். அவை மெதுவாக மாறுபவை, பல நேரம் மாறவே மாறாதவை. சோர்ந்தவர் கையில் அவை தன்னை அடித்துக்கொள்ளும் கோலாகிவிடும்.

9. தவறிய நாளை எப்படிக் கையாள்வது

தவறும். அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டு, 22ஆம் நாளும் சிரமமாக இருக்கிறதே என்று கைவிடுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பயிற்சி கடனாகிவிடும். கடன் சேரச் சேர அதன் பக்கமே போகத் தோன்றாது. மறுநாள் செய்ய வேண்டியது உங்கள் குறைந்தபட்ச அளவு மட்டும், அதுவும் வழக்கமான நேரத்தில். ஒரு வாரமே போய்விட்டாலும் இதுதான் வழி. காரணம் தேடுவதையும் மன்னிப்புக் கேட்பதையும் விட்டுவிட்டுக் காலணியை எடுங்கள்.

10. துணைக்கு ஒருவர்

துணை இருந்தால் உதவும். ஆனால் யார் என்பது முக்கியம். உங்களைத் திருத்த நினைப்பவர் வேண்டாம். பேசாமல் கூடவே நடக்கத் தெரிந்தவர் போதும்.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: "செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துப் போக முடியுமா? பத்து நிமிடம் போதும். நான் பேசாமல் இருந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." இப்படிச் சொன்னால் அவருக்கும் தன் வேலை என்ன என்று தெரியும்.

நீங்கள் துணையாகப் போகிறவர் என்றால் இரண்டைத் தவிருங்கள். வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள்; "பார், எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்று அவர் சார்பில் நீங்கள் மகிழாதீர்கள். அவருக்கு அப்படித் தோன்றாவிட்டால் தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

11. கூட்டுவதைக் கடைசியாக வையுங்கள்

மூன்று வாரமாவது குறைந்தபட்ச அளவு பெரும்பாலான நாட்களில் நடந்தபின்தான் எதையும் கூட்ட வேண்டும். முதலில் நாட்கள், அடுத்து நிமிடங்கள், கடைசியில் வேகமோ தூக்கும் எடையோ. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கூட்டிவிட்டு நின்றுபோனால் எது அதிகமாயிற்று என்று தெரியாது.

குறைந்தபட்ச அளவை மட்டும் எப்போதும் கூட்டாதீர்கள். நாற்பது நிமிடம் நடக்கும் நிலைக்கு வந்தாலும் மோசமான நாளுக்கான அளவு அதே ஐந்து நிமிடமாக இருக்கட்டும்.

எந்தப் பயிற்சி என்பதில் பெரிதாகக் குழம்ப வேண்டாம். 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த பகுப்பாய்வில் நடை, மெல்லோட்டம், யோகா, தசை வலுவூட்டும் பயிற்சி ஆகிய எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதில் பலன் காட்டின. உங்களுக்கு எது குறைவாகக் கசக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

12. அடுத்த சரிவுக்கு இப்போதே ஒரு தாள்

சற்றுத் தெளிந்திருக்கும் ஒரு நாளில் அரைப் பக்கம் எழுதிவையுங்கள். சரிவு தொடங்கும்போது உங்களிடம் முதலில் தெரியும் மாற்றம் என்ன (தொலைபேசியை எடுக்காமல் விடுவது, பகலிலும் படுப்பது), அப்போதைய குறைந்தபட்ச அளவு எது, யாரிடம் சொல்வது. சரிவில் இருக்கும்போது இவற்றை யோசிக்க முடியாது, படிக்க முடியும்.

தாளின் ஒரு பிரதியை வீட்டில் ஒருவரிடமோ நண்பரிடமோ கொடுங்கள். அந்த மாற்றங்கள் உங்களுக்குமுன் அவர் கண்ணில் படலாம்.

குறைந்தபட்ச அளவும் முடியாமல் இரண்டு வாரம் போய்விட்டால், அளவை மேலும் குறைப்பதோடு நிற்காதீர்கள். 8ஆம் படியில் எழுதிய எண்களை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது சொல் வராவிட்டால் தாளை அப்படியே நீட்டிவிடலாம்.